குறைமாதக் குழந்தையின் வளர்ச்சிப் பராமரிப்பு: சேலம் ஐசியுவிலிருந்து ஏற்காட்டு வீடு வரை

"குழந்தைக்குப் பயிற்சி எப்போது தொடங்குவீர்கள்?" சேலத்தில் குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்டான என்னிடம் பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். ஆறு மாதம் கழித்து, ஒரு வருடம் கழித்து என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். குழந்தை வார்மரில் (சூடு தரும் படுக்கையில்) படுத்த அன்றே அது தொடங்கிவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அதைச் செய்வதில் பெரிய பங்கு உங்களுடையது என்றால் இன்னும் நம்ப மாட்டார்கள்.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பது குறைமாதக் குழந்தை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் மூளை வேகமாகப் பெருத்து, மடிப்புகள் விழுந்து முழு உருவம் பெறுகிறது. 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த வேலை முழுவதும் ஐசியுவில் வைத்தே நடக்க வேண்டியிருக்கிறது. வயிற்றுக்குள் நீரில் மிதந்தபடி, சுருண்டு, கையை வாயருகே வைத்துக்கொண்டு, இருட்டில், அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அது. இங்கே தட்டையான படுக்கை, விளக்கு வெளிச்சம், அலாரம், ஊசி. தசைகளுக்கு இன்னும் வலு வரவில்லை என்பதால் கை கால்கள் பரப்பியபடியே கிடக்கும். வாரக்கணக்கில் அப்படிக் கிடந்தால் தோள்கள் பின்னுக்கு இழுக்கும், இடுப்பு அகன்றே நிற்கும், தலை பக்கவாட்டில் தட்டையாகும். பிற்பாடு கையை வாய்க்குக் கொண்டுபோவது, புரள்வது, உட்காருவது எல்லாம் இதனால் தள்ளிப்போகலாம்.

ஆகவே ஐசியுவில் நாம் செய்வது பெரும்பாலும் காவல் வேலை. குழந்தையின் தூக்கத்தைக் காக்கிறோம், சுருண்ட நிலையைக் காக்கிறோம், தாயின் தொடுகையை மீட்டுத் தருகிறோம். உங்களுக்கு இது முதல் அனுபவமாக இருந்தால் பின்வரும் வரிசையில் போங்கள்.

முதல் நாள் ஒரு நோட்டு

சின்ன நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் மூன்று விவரங்கள்: எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, பிறந்த எடை, மருத்துவர் குறித்துக் கொடுத்திருந்த பிரசவத் தேதி. அந்தத் தேதி கடந்துபோன கதை என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த இரண்டு வருடங்களுக்குக் குழந்தையின் வளர்ச்சியை அதை வைத்துத்தான் கணக்கிடப் போகிறோம். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தாய்க்குக் கொடுத்த அரசு எண்ணான பிக்மி எண்ணையும் அங்கேயே எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் தலை ஸ்கேன், கண் பரிசோதனை, காது பரிசோதனை என்று மூன்று தலைப்பு எழுதி, தேதிக்கு இடம் விட்டு வையுங்கள். அந்த இடம் காலியாகவே இருந்தால் சிஸ்டரிடம் கேளுங்கள். தனியார் மருத்துவமனை என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பச்சிளம் குழந்தை சிகிச்சைக்கு அங்கே அனுமதி உண்டா என்று முதல் நாளே விசாரியுங்கள்.

ஏழு மாதத்தில் பிறந்தது தங்கும், எட்டு மாதத்தில் பிறந்தது தங்காது என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். தாயின் காதில் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் உண்மை இல்லை. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான்.

ஏற்காட்டு மலைக் குடும்பங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாள் நிறையாமல் வலி கண்டால், பிரசவம் ஆன பிறகு குழந்தையை எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்குவதைவிட, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயைச் சேலத்துக்கு இறக்கிவிடுவது மிகவும் நல்லது. தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலைத் தயார்செய்யும். அதற்கும் நேரம் வேண்டும். 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

முதல் மூன்று நாட்கள்: அசையாத கை

மிகக் குறைமாதக் குழந்தையின் மூளையில் உள்ள இரத்தக் குழாய்கள் மெல்லியவை. அங்கே கசிவு ஏற்பட்டால் பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள்தான் ஏற்படும். அதனால்தான் தலையை நேராக வைத்து, தொடுவதைக் குறைத்து, பல வேலைகளை ஒரே சமயத்தில் முடித்துவிட்டு நீண்ட நேரம் தூங்க விடுகிறார்கள். டயப்பர் மாற்றும்போதுகூட இரண்டு கால்களையும் சேர்த்து மேலே தூக்க மாட்டார்கள். மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பித்தான் மாற்றுவார்கள். இந்த நாட்களில் பிசியோதெரபிஸ்ட் வந்து கை கால்களை அசைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அசைக்காமல் இருப்பதுதான் இப்போது சரியான சிகிச்சை.

அப்படியானால் பெற்றோர் சும்மா நிற்க வேண்டுமா? வேண்டாம். சிஸ்டரிடம் அனுமதி கேளுங்கள். மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஈரம் போகத் துடைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். ஒரு கையைக் குழந்தையின் தலையைச் சுற்றிக் குவித்து வையுங்கள். மறு கையால் இரண்டு பாதங்களையும் மடிந்த நிலையிலேயே அணைத்துப் பிடியுங்கள். பிறகு அசையாதீர்கள். தடவ வேண்டாம், தட்டிக் கொடுக்கவும் வேண்டாம். குறைமாதக் குழந்தையின் தோலுக்கு மெல்லத் தடவுவது எரிச்சலாகவே இருக்கும். அழுத்தமும் சூடும் உள்ள, அசையாத கைதான் அதற்குப் பிடிக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, முதலில் ஒரு கையையும் பின்பு மற்றொன்றையும் மெதுவாக எடுங்கள். மானிட்டரில் துடிப்பு நிதானமாவதை நீங்களே பார்க்கலாம். ஊசி போடும்போதும் இரத்தம் எடுக்கும்போதும் இதே பிடியைப் பிடித்தால் குழந்தையின் வலி குறையும்.

இந்த நாட்களில் தாய்க்கு இருக்கும் இன்னொரு பெரிய வேலை பால் பீய்ச்சுவது. முடிந்தால் பிரசவமான முதல் மணி நேரத்திலேயே தொடங்குங்கள். அதன்பின் இரவையும் சேர்த்து நாளைக்கு எட்டு முறையாவது பீய்ச்ச வேண்டும். மஞ்சளாகச் சில சொட்டுகள்தான் வருகிறது என்று மனம் உடைந்துபோக வேண்டாம். அந்தச் சீம்பாலைக் கன்னத்தின் உள்பக்கம் தடவினாலும் நன்மை உண்டு. தாய் ஒரு மருத்துவமனையிலும் குழந்தை வேறொன்றிலும் இருந்தால், சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் பாலை எடுத்துவருவது அப்பாவின் பொறுப்பு. பீய்ச்சிய பால் அறை வெப்பநிலையில் நான்கு மணி நேரம் வரை தாங்கும். ஏற்காட்டிலிருந்து வந்து சேர அது போதும். பயணம் நீளும் என்றால் ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுவாருங்கள்.

குழந்தை சொல்வதைக் கவனிப்பது

குறைமாதக் குழந்தைக்கு அழவும் தெம்பு இருக்காது. அது உடம்பால்தான் பேசும். விரல்கள் விசிறியாக விரிவது, கையை முகத்துக்கு நேரே நீட்டித் தடுப்பது, உடம்பை வில்லாக வளைப்பது, அடிக்கடி கொட்டாவி, விக்கல், தும்மல், முகம் வெளுப்பது, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது: இவையெல்லாம் "போதும், என்னால் தாங்க முடியவில்லை" என்பதற்கான அடையாளங்கள். கையை வாய்க்குக் கொண்டுபோனால், உங்கள் விரலைப் பற்றினால், முகம் தளர்ந்து நிதானமாக மூச்சுவிட்டால் அது வசதியாக இருக்கிறது. பேசுவது, தொடுவது, முகத்தைக் காட்டுவது ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். ஒன்றைச் செய்து, குழந்தை ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். இந்தக் கவனிப்பு கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

கங்காரு பராமரிப்பு

குழந்தையைப் பெற்றவரின் வெற்று மார்பில், தோலோடு தோலாக வைத்திருப்பதுதான் கங்காரு பராமரிப்பு. இவ்வளவு பலன் தரும் வேறெதையும் நான் கண்டதில்லை, அதற்குச் செலவும் இல்லை. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-ல் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய முறை இது. குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கி, நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. தானாக மூச்சுவிட முடியாத அல்லது இரத்த ஓட்டம் குன்றிய அதிர்ச்சி நிலையில் (ஷாக்) இருக்கும் குழந்தைகளுக்கு மட்டும் காத்திருக்க வேண்டும். ஆக்சிஜன் குழாய் இருப்பதோ பால் ட்யூப் இருப்பதோ தடையில்லை.

செய்யும் முறை: தாய் குளித்து, முன்பக்கம் திறக்கும் தளர்வான உடை அணிந்திருக்க வேண்டும். சென்ட், பவுடர், வாசனைப் பூ எதுவும் வேண்டாம். சாய்வு நாற்காலியில் பாதி சாய்ந்து உட்காருங்கள். குழந்தைக்கு டயப்பர், குல்லா, சாக்ஸ் மட்டும் போதும். சிஸ்டர் குழாய்களைப் பிடித்துக்கொண்டு குழந்தையை உங்கள் மார்புகளுக்கு இடையே நிமிர்த்தி வைப்பார். தலை ஒரு பக்கம் திரும்பி, சற்றே மேல்நோக்கி இருக்க வேண்டும். தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுப்பாதை மடங்கிவிடும் என்பதால் இதை அடிக்கடி பாருங்கள். கைகள் மடிந்து உங்கள் மார்பின்மேல் இருக்கட்டும். கால்கள் தவளைபோல் மடிந்து அகன்றிருக்கட்டும். துணியால் கட்டும்போது மேல்விளிம்பு குழந்தையின் காதுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். வயிற்றுப் பக்கம் இறுக்கக் கூடாது.

ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இருங்கள். குழந்தையின் தூக்கச் சுழற்சி ஒன்று முடிய ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும். பத்து நிமிடம் வைத்து எடுப்பது தூக்கிய அலுப்பை மட்டுமே மிச்சமாக்கும்.

இதில் பயிற்சி எங்கே வருகிறது என்று கேட்கலாம். கை கால் மடிந்த நிலை தானாகக் கிடைக்கிறது. உங்கள் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவதில் குழந்தையின் சமநிலை உணர்வு தூண்டப்படுகிறது. நிமிர்ந்து கவிழ்ந்திருப்பதால் தலையைத் தூக்கும் முதல் முயற்சி அங்கேதான் நடக்கிறது. பால் சுரப்பும் கூடுகிறது. தாய்க்குத் தையல் வலி, காய்ச்சல் என்றால் அப்பா செய்யலாம், பாட்டி செய்யலாம். சட்டையைக் கழற்றி உட்கார வெட்கப்படும் அப்பாக்கள் இங்கே நிறைய. ஒரு திரை போட்டுக் கொடுத்தால் உட்கார்ந்துவிடுகிறார்கள். தீட்டு என்று சொல்லித் தந்தையையோ பாட்டியையோ தள்ளி நிறுத்தினால் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய மணி நேரங்கள்தான் குறையும்.

அந்த நேரத்தில் மெல்லிய குரலில் தாலாட்டுப் பாடுங்கள். போனில் பாட்டு வைக்க வேண்டாம். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது பரிந்துரை. இன்குபேட்டர் கதவைப் பட்டென்று சாத்துவதும் அதன்மேல் பாத்திரம் வைப்பதும் உள்ளே இருக்கும் குழந்தைக்கு இடியோசை.

படுக்கும் நிலை

கங்காரு நிலையில் இல்லாத நேரத்தில் சுருட்டிய துணியால் குழந்தையைச் சுற்றிக் குருவிக்கூடு போல ஒரு வளையம் அமைப்பார்கள். பாதங்கள் அந்தச் சுவரைத் தொட வேண்டும். தொட்டால்தான் குழந்தை உதைத்துத் தன்னை மடக்கிக்கொள்ளும். தோள்களுக்குப் பின்னால் சிறு மடிப்பு இருந்தால் கைகள் முன்னால் வரும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, மற்ற வேலைகளோடு சேர்த்து, பக்கம் மாற்றுவார்கள். குப்புறப் படுத்தால் குறைமாதக் குழந்தைக்கு மூச்சு எளிதாகும். ஆனால் அது மானிட்டர் மாட்டியிருக்கும் இடத்தில் மட்டும்தான். வீட்டில் தூங்கும்போது எப்போதும் மல்லாந்துதான், சுற்றிலும் துணி வளையமோ தலையணையோ இல்லாமல்.

வாய்ப் பயிற்சி

சப்புவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் நடக்க ஏறத்தாழ 34 வாரம் ஆக வேண்டும். அதுவரை ட்யூப் வழியாகப் பால். அப்போதே வாயைப் பழக்கலாம். ட்யூபில் பால் இறங்கும் நேரத்தில், பீய்ச்சி முடித்த மார்பில் குழந்தையை வைத்துச் சப்ப விடுங்கள். வயிறு நிறைவதும் சப்புவதும் ஒன்றோடொன்று சேர்ந்தது என்று அது கற்றுக்கொள்ளும். அடுத்த கட்டம் பாலாடை, அதாவது மூக்கு வைத்த சிறு பால் கிண்ணம். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்துக் கொஞ்சம் விடுங்கள். விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த மிடறு. பால் ஓரத்தில் வழிந்தாலோ, உதட்டைச் சுற்றி நீலம் தெரிந்தாலோ, விரல்கள் விரிந்தாலோ நிறுத்திவிடுங்கள். அளவை முடித்தே தீர வேண்டும் என்று ஊற்றினால் புரையேறும். பாட்டில் வேண்டாம்.

உடல்நிலை சீரான பிறகு தசைகளின் இறுக்கம், அசைவு, வாயின் திறன் ஆகியவற்றைப் பிசியோதெரபிஸ்ட் சோதிப்பார். தேவைப்பட்டால் கை கால் மூட்டுகளுக்கு மென்மையான அசைவுகளும் வாயைச் சுற்றிச் சில தொடுகைகளும் கற்றுத்தருவார். சொன்னதை மட்டும், சொன்ன தடவை மட்டும் செய்யுங்கள். செல்போனில் பார்த்த குழந்தை மசாஜை இங்கே செய்யவே கூடாது. குறைமாதக் குழந்தையின் எலும்பில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. இழுத்து நீட்டினால் முறியக்கூடும்.

கண்ணும் காதும்

இந்த ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். 28 வாரத்துக்கு முன் பிறந்ததற்கும் 1,200 கிராமுக்குக் கீழே இருப்பதற்கும் இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும் இந்த நோய் வெளியே தெரியாது. கண் பளிச்சென்றுதான் இருக்கும். சிகிச்சை தேவை என்று சொன்னால் இரண்டு மூன்று நாட்களுக்குள் லேசரோ ஊசியோ செய்தாக வேண்டும். காலம் தவறினால் பார்வை திரும்பாது. ஆபத்து எங்கே என்றால், 25-வது நாளில் டிஸ்சார்ஜ் ஆகி, எடை ஏறிய மகிழ்ச்சியில் மலையேறிவிடும் குடும்பங்களில்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனை முடிந்ததா, அடுத்தது எந்தத் தேதி என்று எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒரு முறை பார்த்தால் போதும் என்பதும் இல்லை. விழித்திரை முதிரும்வரை மறுபடி மறுபடி கூப்பிடுவார்கள்.

காதுக்கு, ஐசியுவில் இருந்த குழந்தை என்றால் நரம்புப் பாதையையும் சோதிக்கும் பெரா வகைப் பரிசோதனை தேவை. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது கணக்கு.

வீட்டில்

மார்கழி, தை மாதத்து ஏற்காட்டுக் குளிரில் குழந்தையின் சூட்டை அறிய எளிய வழி உண்டு. புறங்கையால் முதலில் பாதத்தையும் பிறகு வயிற்றையும் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் சரி. பாதம் குளிர்ந்து வயிறு சூடாக இருந்தால் குழந்தை குளிரோடு போராடுகிறது. உடனே கங்காரு நிலையில் வையுங்கள். இரண்டுமே சில்லென்று இருந்தால் நெஞ்சோடு அணைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கங்காரு பராமரிப்பை எடை இரண்டரைக் கிலோ ஆகும்வரை, குழந்தையே நெளிந்து மறுக்கும்வரை, வீட்டிலும் தொடரலாம். அறையில் விறகு, கரி மூட்டக் கூடாது. சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

பாட்டிகளிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்: காலில் போட்டுக் குளிப்பாட்டி, மூக்கை நீவி, கை கால்களை மாற்றி மாற்றி இழுப்பது இந்தக் குழந்தைக்கு இப்போது ஆகாது. சேனையும் வசம்பும் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். தூளியில் போட்டால் தாடை நெஞ்சில் மடங்கி மூச்சு தடைப்படலாம் என்பதால் தட்டையான படுக்கைதான். "செய்யாதீர்கள்" என்று மட்டும் சொன்னால் பாட்டி மனம் நோவார். கங்காரு நிலையில் ஒரு வேளையை அவரிடம் ஒப்படையுங்கள்.

தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்தடுத்த வருகைகள்

வளர்ச்சியைப் பார்க்கும்போது மட்டும் நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். 30 வாரத்தில் பிறந்த குழந்தை பத்து வாரம் முந்திவிட்டது. பிறந்து ஐந்து மாதம் ஆனபோது அதன் திருத்திய வயது, அதாவது பிரசவத் தேதியிலிருந்து எண்ணும் வளர்ச்சி வயது, மூன்று மாதத்துக்கும் சற்றுக் குறைவு. பக்கத்து வீட்டு ஐந்து மாதக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கலங்காதீர்கள்.

ஆனால் "குறைமாதம்தானே, மெதுவாக வரும்" என்று எல்லாவற்றையும் தள்ளிப்போடவும் கூடாது. திருத்திய வயதில் மூன்று மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்காதது, நான்கு மாதத்தில் தலை நிற்காதது, கைகள் எப்போதும் இறுக மூடியே இருப்பது, கால்கள் கத்தரிபோல் பின்னுவது, ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது: இதில் எதைக் கண்டாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வாருங்கள். மாவட்டந்தோறும் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் பிசியோதெரபி, பேச்சு, காது, கண் எல்லாவற்றுக்கும் இலவசமாக வழி உண்டு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்தால் சொல்வார்கள். மலையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் கண், காது, எடை, பிசியோதெரபி எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்துத் தரும்படி உரிமையோடு கேளுங்கள். ஒரு நாள் தோட்டக் கூலி போவது எங்களுக்கும் தெரியும். இடைப்பட்ட நாட்களில் எடை பார்ப்பதற்கு உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியர் போதும்.

திருத்திய வயதில் மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் வரும் வருகையைத் தவறவிடவே கூடாது. அந்தப் பருவத்தில் குழந்தையின் மணிக்கட்டு, கணுக்கால், கழுத்து ஆகியவற்றில் சிறு சிறு சுழல் அசைவுகள் ஓயாமல் தெரியும். அவை காணப்படாவிட்டால் பெருமூளை வாதம் வரும் அபாயம் அதிகம் என்று பொருள். அப்போதே பயிற்சியைத் தொடங்கிவிடலாம். வருவதற்கு முதல் நாள் வீட்டிலேயே ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். பால் குடித்துச் சற்று நேரம் ஆகியிருக்க வேண்டும். குழந்தை விழித்து, அழாமல், டயப்பரோடு மட்டும் மல்லாந்து படுத்திருக்கட்டும். கிலுகிலுப்பை வேண்டாம், யாரும் கொஞ்சவும் வேண்டாம். தலை முதல் பாதம் வரை தெரியும்படி போனை மேலிருந்து பிடித்து ஐந்து நிமிடம் எடுங்கள். பஸ்ஸில் வந்து களைத்துத் தூங்கிவிடும் குழந்தையிடம் எங்களால் பார்க்க முடியாததை அந்த வீடியோவில் பார்த்துவிடுவோம்.